தேக்கடி படகுத்துறை

தேக்கடி படகுத்துறை, கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் அமைந்துள்ள உள்நாட்டு நீர்வழிப் படகுத்துறை. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தை ஒட்டிய எல்லை ஊரான குமுளி இதன் நுழைவாயில். சுற்றுலாப் படகுகளும், முல்லைப் பெரியாறு அணைக்குச் செல்லும் தமிழக நீர்வளத் துறையின் அலுவல் படகுகளும் இங்கிருந்து புறப்படுகின்றன. துறை கேரளத்தில் இருந்தாலும், அதன் முன் விரிந்து கிடக்கும் நீர் கம்பம் பள்ளத்தாக்கின் பாசனத்துக்காகத் தேக்கப்பட்டது. ஆகவே படகு எங்கே நிற்கும், எவ்வளவு ஆழத்தில் ஓடும், எந்தப் பருவத்தில் எத்தகைய இடர் வரும் என்பவை அனைத்தும் அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்தே அமைகின்றன.

அமைவிடமும் வழியும்

தேனியிலிருந்து வருபவர்கள் கொல்லம்–தேனி தேசிய நெடுஞ்சாலை வழியாக வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து லோயர் கேம்ப்பை அடைகிறார்கள். நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் நிறைந்த சமவெளி அங்கே முடிந்து மலைச்சாலை தொடங்குகிறது. தேனி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. தேக்கடியின் உயரம் சுமார் 900 மீட்டர். இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி லோயர் கேம்ப்புக்கும் குமுளிக்கும் இடைப்பட்ட சில கிலோமீட்டர் வளைவுச் சாலையிலேயே நிகழ்கிறது.

மலைச்சாலையில் ஏறுபவர்கள் ஏரியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் நீரைப் பார்த்துவிடுகிறார்கள். மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள் வழியாக அணை நீர் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குச் செல்கிறது. குழாய்களில் விடப்படாத நீர் இரைச்சல் பாலம் என்று மக்கள் அழைக்கும் பகுதி வழியாகப் பேரோசையுடன் கீழே பாய்கிறது.

குமுளியில் மாநில எல்லைச் சோதனைச் சாவடியைக் கடந்து வனத்துறை நுழைவாயிலை அடையலாம். சுற்றுலாப் பயணிகளின் வாகனங்கள் ஆனவச்சால் வாகன நிறுத்துமிடத்தில் நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து வனத்துறை ஏற்பாடு செய்துள்ள பேருந்தில் காட்டுச்சாலை வழியாகப் படகுத்துறைக்குச் செல்ல வேண்டும்.

ஏரியின் தோற்றம்

தேக்கடி ஏரி இயற்கையாக உருவானதல்ல. முல்லையாறும் பெரியாறும் கூடுமிடத்துக்குக் கீழே கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கமே இது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி, மழைமறைவுப் பகுதியான மதுரைச் சீமைக்குக் கொண்டுவரும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சரான பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-இல் இதற்கான வாய்ப்புகளை ஆராயச் செய்தார். அன்று செலவு கருதித் திட்டம் கைவிடப்பட்டது. 1876–78 ஆண்டுகளின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு சென்னை மாகாண அரசு அதை மீண்டும் கையில் எடுத்தது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீர் தேங்கும் பரப்புக்காக 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வீதம் குத்தகைக்குப் பெறப்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய கட்டுமானம் 1895-இல் நிறைவடைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

நீர்வழியாக அணைக்குச் செல்லும் பழக்கம் இந்தக் கட்டுமானக் காலத்திலேயே தொடங்கியது. அணை கட்டப்பட்ட இடம் அடர்காட்டின் நடுவே இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் அடிவாரத்திலிருந்து மாட்டுவண்டிகளிலும் கம்பிவடப் பாதையிலும் மலைமேல் ஏற்றப்பட்ட பொருள்கள், தேக்கடியிலிருந்து படகுகளில் கொண்டுசெல்லப்பட்டன. அணைக்கான சுண்ணாம்புக்கல் கூடலூரை அடுத்த குருவனூத்துப் பகுதியிலிருந்து வந்தது. சுற்றுலாப் படகுகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தேக்கடி ஒரு சரக்குத் துறையாக இருந்தது.

அணையில் தேங்கும் நீரைக் கிழக்கே அனுப்பும் சுரங்கம் அணைக்கட்டின் அருகில் இல்லை. நீர்த்தேக்கத்தின் ஒரு கிளை வடகிழக்கே நீண்டு தேக்கடியை எட்டும் இடத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்பிரி முகட்டைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டப்பட்டது. அதன் மதகுப் பகுதியும் படகுத்துறையும் நீர்த்தேக்கத்தின் இந்த முனையில்தான் உள்ளன. சுரங்கத்தில் நுழையும் நீர் மலையின் கிழக்குப் புறம் இறங்கி, மின்நிலையத்தைக் கடந்து முல்லைப் பெரியாறு என்ற பெயரிலேயே கம்பம் பள்ளத்தாக்கில் ஓடி வைகை அணையைச் சேர்கிறது.

நீர்மட்டமும் துறையின் இடமும்

முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் அடிக்கணக்கில் அளக்கப்படுகிறது. வடிவமைக்கப்பட்ட முழுக் கொள்ளளவு 152 அடி. சுரங்கத்தின் நுழைவாய் ஏறத்தாழ 104 அடி மட்டத்தில் இருப்பதால், அதற்குக் கீழே உள்ள நீரைத் தமிழகத்துக்கு எடுக்க இயலாது. அணையின் பாதுகாப்பு குறித்த ஐயத்தின் பேரில் 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் பணிகள் நடந்த பின்னர், 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பளித்தது. அதன் அரசியல் சாசன அமர்வு 2014 மே 7 அன்று அதை உறுதிசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியை எட்டியது.

கோடையில் குறையும் மட்டத்துக்கும் மழைக்காலத்தில் உயரும் மட்டத்துக்கும் இடையே சில ஆண்டுகளில் 30 அடிக்கும் மேல் வேறுபாடு ஏற்படுகிறது. இந்த வேறுபாடு கரையில் எப்படித் தெரியும் என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். கரையின் சரிவு இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், நீர்மட்டம் ஓர் அடி குறையும்போது நீரின் விளிம்பு 20 அடி பின்வாங்கும். மட்டம் 30 அடி குறைந்தால் விளிம்பு 600 அடி தள்ளிப்போகும். மழைக்காலத்தில் படிக்கட்டின் அருகிலேயே நிற்கும் படகுகள் கோடையில் தொலைவில், பள்ளத்தில் நிற்பது இதனால்தான். படகு ஏறும் இடத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கிறது. பயணிகள் காய்ந்த சேற்றுநிலத்தில் கூடுதல் தொலைவு நடந்து இறங்க வேண்டியிருக்கும்.

வறட்சி மிகும்போது படகு செல்லக்கூடிய நீர்ப்பரப்பும் சுருங்குகிறது. அகன்ற ஏரியாகத் தோன்றிய பகுதி, பழைய ஓடையின் பள்ளத்தை ஒட்டிய குறுகிய நீர்வழியாகிவிடும். பெரிய படகுகளுக்கு ஆழம் போதாமல் போகலாம். மாறாக, மட்டம் 136 அடியைத் தாண்டும்போது, முன்பு நீண்ட காலம் வெளியே தெரிந்த கரையோர நிலங்கள் நீரில் மூழ்குகின்றன.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதம் முதல் நீர்மட்டம் பொதுவாக உயர்கிறது. வடகிழக்குப் பருவமழையும் இந்த நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு உதவுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மட்டம் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். எனவே ஒரு பருவத்தில் வந்தவர் பார்த்த துறையும் இன்னொரு பருவத்தில் வருபவர் பார்க்கும் துறையும் ஒன்றுபோல இருப்பதில்லை.

நீரில் நிற்கும் மரங்கள்

தேக்கடியின் அடையாளமாகப் படங்களில் காணப்படுபவை நீரிலிருந்து எழும் பட்ட மரங்கள். அணை கட்டப்பட்டபோது மூழ்கிய காட்டின் எச்சங்கள் இவை. நூறாண்டுக்கும் மேலாகியும் பல மரங்களின் அடித்தண்டுகள் சிதையாமல் நிற்கின்றன. நீரில் முழுதும் மூழ்கிய மரம் காற்றுப் படாததால் மெதுவாகவே சிதைகிறது. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் இம்மரங்களில் அமர்ந்து சிறகு உலர்த்துகின்றன, கூடும் கட்டுகின்றன.

படகோட்டுபவருக்கு இதே மரங்கள் எச்சரிக்கைக் குறிகள். வெளியே தெரியும் மரத்தை விலக்கிச் செல்லலாம். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே மறைந்திருக்கும் அடித்தண்டு படகின் அடிப்பகுதியையோ உந்தியையோ சிதைத்துவிடக்கூடும். 140 அடி மட்டத்தில் ஆழத்தில் கிடக்கும் தண்டு, 120 அடி மட்டத்தில் படகின் பாதையில் நிற்கும். எந்த மட்டத்தில் எந்தப் பாதை பாதுகாப்பானது என்பதைப் பல பருவங்கள் ஓட்டிப் பழகியவர்களே அறிவர்.

ஏரியை நெருக்கமாக அறிந்த இன்னொரு தரப்பினர் மன்னான் பழங்குடியினர். அணை நீர் காட்டை நிறைத்த பின்னர் இவர்கள் மீன்பிடித்தலில் தேர்ச்சி பெற்றனர். மூங்கில் தெப்பங்களில் சென்று வலை விரிப்பது இவர்களின் வழக்கம். பளியர்களும் இப்பகுதியின் தொல்குடிகள். இந்த இரு சமூகத்தினரும் குமுளி அருகே குடியமர்த்தப்பட்டுள்ளனர். வனத்துறையின் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாக இவர்களில் பலர் வழிகாட்டிகளாகவும் மூங்கில் தெப்பப் பயணங்களை நடத்துபவர்களாகவும் பணியாற்றுகின்றனர்.

சுற்றுலாப் படகுகள்

கேரள வனத்துறையும் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் தனித்தனியே படகுகளை இயக்குகின்றன. முதல் படகு காலை 7.30 மணிக்கும் கடைசிப் படகு பிற்பகல் 3.30 மணிக்கும் புறப்படும் வகையில் நாளொன்றுக்கு ஐந்து பயணங்கள் என்பது வழக்கமான ஏற்பாடு. ஒரு பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். புலிகள் காப்பகத்தின் பகுதி என்பதால் தனியார் தங்கள் சொந்தப் படகைக் கொண்டுவந்து ஓட்ட இயலாது.

கரைக்கு நீர் அருந்த வரும் யானை, காட்டெருமை, கடமான் போன்றவற்றை நீரிலிருந்தே பார்ப்பதுதான் இப்பயணத்தின் நோக்கம். காட்டுக்குள் நீர்நிலைகள் வற்றும் கோடைக் காலத்தில் விலங்குகள் கரைக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஏரி குறுகி, மரத்தண்டுகள் வெளிப்பட்டு, படகோட்டுவது கடினமாகும் காலமும் அதுவே.

அணைக்குச் செல்லும் படகுகள்

அணை கேரளத்துக்குள் இருந்தாலும் அதன் இயக்கமும் பராமரிப்பும் தமிழக நீர்வளத் துறையிடம் உள்ளன. கம்பம் பகுதியில் பணியாற்றும் பொறியாளர்களும் ஊழியர்களும் குமுளி வழியாகத் தேக்கடிக்கு வந்து, படகில் அணைக்குச் செல்கிறார்கள். வண்டிப்பெரியாறு, வள்ளக்கடவு வழியாகக் காட்டுப்பாதையும் உண்டு. மழைக்காலத்தில் அப்பாதை கடினமாகிவிடும்.

தமிழகத் துறையினர் பயன்படுத்தும் 'கண்ணகி', 'ஜலரத்னா' ஆகிய படகுகள் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு நன்கு அறிமுகமான பெயர்கள். பின்னர் வாங்கப்பட்ட 'தமிழ் அன்னை' என்னும் படகு, இயக்குவதற்கான அனுமதிக்காகப் பல ஆண்டுகள் துறையிலேயே காத்திருந்தது. 2014 தீர்ப்பின்படி மத்திய நீர் ஆணையத்தின் பிரதிநிதியும் இரு மாநிலங்களின் பிரதிநிதிகளும் கொண்ட மூவர் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் ஆய்வுப் பயணங்களும் பெரும்பாலும் இத்துறையிலிருந்தே தொடங்கின.

அறியாத துறையை அணுகும் முறை

அறிமுகமில்லாத துறைக்குள் படகைக் கொண்டுசெல்வது உலகெங்கும் தனிக் கவனம் கோரும் செயல். பாய்மரப் படகுகளில் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையைச் சுற்றிவரும் பயணிகளின் நடைமுறையோடு தேக்கடியை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

உல்லாசப் படகுகள் வாடகைக்கு நிறுத்தப்படும் துறைமுகத்தை ஐரோப்பாவில் 'மரீனா' என்பர். தமிழ் வாசகர்களுக்கு இச்சொல் சென்னைக் கடற்கரையை நினைவூட்டும். அக்கடற்கரைக்கு 1880-களில் அப்பெயரைச் சூட்டியவர் அன்றைய ஆளுநர் கிராண்ட் டஃப். கடலோரத்தைக் குறிக்கும் அதே சொல்லே படகுகள் நிறுத்தும் துறைக்கும் பெயராயிற்று.

ஸ்பெயினில் புதிய மரீனாவை நெருங்கும் படகுத் தலைவர் முதலில் கடல் வரைபடத்தில் நுழைவாயிலின் ஆழத்தையும் பாறைகளையும் பார்ப்பார். பிறகு காற்றின் திசையைக் கணிப்பார். வானொலியின் 9-ஆம் அலைவரிசையில் துறை அலுவலகத்தை அழைத்துத் தம் படகின் நீளத்தையும், நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழத்தையும் சொல்லி இடம் கேட்பது அங்கு வழக்கம். உள்ளே நுழையும்போது சிவப்புக் குறி இடப்பக்கமும் பச்சைக் குறி வலப்பக்கமும் இருக்க வேண்டும். இந்தியக் கடற்கரையிலும் இதே விதிதான். இடம் உறுதியாகும் வரை பார்வையாளர் மேடையில் படகைக் கட்டிக் காத்திருப்பர்.

நீர்மட்ட மாற்றம் அங்கும் துறையின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. மத்தியதரைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. எனவே அங்கே நிலையான கற்சுவர்த் துறைகளே போதுமானவை. படகின் பின்புறத்தைச் சுவரில் கட்டி, கடலடியில் பொருத்திய கயிற்றால் முன்புறத்தை இழுத்துப் பிணைப்பார்கள். ஸ்பெயினின் வடமேற்கில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கிய கலீசியாக் கரையில் ஓதம் நான்கு மீட்டர் வரை மாறும். அங்கே நீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடைகள் தேவைப்படுகின்றன.

தேக்கடியில் நீர் மாறும் அளவு கலீசியாவைவிடப் பெரிது. ஆனால் மாறும் வேகம் வேறு. ஓதம் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும், அதன் நேரத்தை அட்டவணை பார்த்து முன்கூட்டியே அறியலாம். அணையின் மட்டமோ மாதக்கணக்கில் மாறுகிறது. அதை மழையும் பாசனத் தேவையும் முடிவுசெய்கின்றன. கடலில் வரைபடமும் குறிவிளக்கும் செய்யும் வேலையை, இங்கே படகோட்டுநரின் பட்டறிவு செய்கிறது. பயணிக்கு அந்த அறிவு இருக்க வாய்ப்பில்லை. ஆகவே படகின் தகுதியையும் ஊழியரின் பயிற்சியையும் பயண ஒழுங்கையும் உறுதிசெய்வது துறையை நடத்துவோரின் பொறுப்பாகிறது.

2009 படகு விபத்து

2009 செப்டம்பர் 30 மாலை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு மணக்கவலை என்னுமிடத்தின் அருகே கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் இறந்தோரில் இருந்தனர். கண்ணாடி இழையால் செய்யப்பட்ட அப்படகு இயக்கத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது என்று பிழைத்தவர்கள் கூறினர். பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. விபத்து குறித்து விசாரிக்கக் கேரள அரசு நீதிபதி இ. மொய்தீன் குஞ்ஞு தலைமையில் ஆணையம் அமைத்தது. படகின் நிலைப்புத்தன்மை, இயக்கிய முறை, பயணிகளைக் கட்டுப்படுத்தாமை ஆகியவை விசாரணைகளில் முதன்மையாகப் பேசப்பட்டன. இதன் பின்னர் தேக்கடிப் படகுகளில் உயிர்காப்பு அங்கி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. பயணத்தின்போது இருக்கையை விட்டு எழக்கூடாது என்பதும் வலியுறுத்தப்படுகிறது.

இதையொத்த விபத்துகள் பிற இடங்களிலும் நிகழ்ந்துள்ளன. 2007 பிப்ரவரி 20 அன்று, இதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் படகு மூழ்கி இறந்தனர். 2011 டிசம்பர் 25 அன்று தமிழ்நாட்டின் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். இந்தியாவில் உள்நாட்டுப் படகுகளின் பதிவையும் தகுதிச் சான்றையும் ஒழுங்குபடுத்தி வந்த 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது.

படகு கவிழ்வதன் இயற்பியல்

மிதக்கும் படகின் மீது இரண்டு விசைகள் செயல்படுகின்றன. படகு, பயணிகள் ஆகியவற்றின் எடை ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. படகு விலக்கிய நீரின் மிதப்பு விசை, மூழ்கிய பகுதியின் மையத்தின் வழியே மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் கூடுதலாக மூழ்குவதால் மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகர்கிறது. இந்த நகர்வே படகை மீண்டும் நிமிர்த்தும் திருப்பத்தைத் தருகிறது.

ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும் வரை இந்த ஏற்பாடு படகைக் காக்கும். மேல்தளத்தில் ஆட்கள் கூடினால் ஈர்ப்பு மையம் உயர்கிறது, நிமிர்த்தும் விசை குறைகிறது. அவர்கள் ஒரே ஓரத்துக்கு நகர்ந்தால் ஈர்ப்பு மையம் பக்கவாட்டிலும் விலகுகிறது. அந்த நேரத்தில் படகு வேகமாகத் திரும்பினால் திருப்பத்தின் வெளிப்பக்கம் நோக்கிச் சாய்வு மேலும் கூடும். சாய்வு ஓர் எல்லையைத் தாண்டியதும் எடையே படகைப் புரட்டத் தொடங்கிவிடும். ஈரடுக்குப் படகில் உள்ளே இருப்பவர்கள் அப்போது கூரைக்கும் தரைக்கும் இடையே சிக்கிக்கொள்கிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களும் தப்ப முடியாமல் போவது இதனால்தான்.

ஏரி அமைதியாக இருப்பதால் படகும் பாதுகாப்பானது என்ற எண்ணம் பயணிகளிடம் இயல்பாக எழுகிறது. மேற்சொன்ன இயக்கத்துக்கு அலையோ காற்றோ தேவையில்லை. மக்கள் எழுந்து நகர்வது மட்டுமே அதற்குப் போதுமானது.

பயணி கவனிக்க வேண்டியவை

தேக்கடிக்கோ இதுபோன்ற வேறு நீர்த்தேக்கத் துறைக்கோ முதன்முறை செல்பவர்கள் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. புறப்படுமுன் அணையின் நீர்மட்டத்தைக் கேட்டறிந்தால், துறையில் எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணிக்கலாம். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்களுக்கு இது முக்கியம். நுழைவுச் சீட்டு, பேருந்து, படகுச் சீட்டு என அடுத்தடுத்த வரிசைகள் இருப்பதால் படகு புறப்படுவதற்கு வெகுமுன்பே குமுளியை அடைந்துவிட வேண்டும். கடைசி நேர ஓட்டத்தில் படகில் ஏறுவது சறுக்கலுக்கு இடம் தரும்.

உயிர்காப்பு அங்கியைத் துறையிலேயே அணிந்து, பட்டைகளை இறுக்கிய பின்னரே படகில் ஏற வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் அளவு அங்கியை மாட்டினால், நீரில் விழும்போது அது தலைவழியே கழன்றுவிடும். ஒதுக்கப்பட்ட இருக்கையை மாற்றக்கூடாது. படகு சுற்றித் திரும்பும்போது இரு பக்கத்தினருக்கும் கரை தெரியும் என்பதால், விலங்கைக் காண எழுந்து செல்லத் தேவையில்லை. படகு கரை சேர்ந்து கயிறு கட்டப்படும் வரை உட்கார்ந்திருப்பதும் இதே காரணத்துக்காகவே. இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் ஏற்றப்படுவதைக் கண்டால் இறங்கிவிடும் உரிமை பயணிக்கு உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கும் படகுத்துறையும்

முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடி பெறுகிறது. முதல்போகத்துக்கு ஜூன் முதல் நாளில் நீர் திறப்பது வழக்கம். மழை தாமதித்தால் திறப்பும் தள்ளிப்போகும். வைகை அணையைக் கடந்து மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் இந்த நீர் பயன்படுகிறது. பென்னிகுவிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வருவதால் பள்ளத்தாக்கின் ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைத்து வழிபடும் வழக்கம் உண்டு. 2013-இல் அதே நாளில் லோயர் கேம்ப்பில் அவருடைய மணிமண்டபம் திறக்கப்பட்டது.

வயலுக்கு நீர் திறக்கப்படும்போது துறையில் நீர் இறங்குகிறது. மழை பொய்த்தால் வயலும் வாடும், துறையும் வறளும். தேனி மாவட்டத்தில் விற்கும் நாளிதழ்கள் அணையின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் நாள்தோறும் வெளியிடுகின்றன. நாற்று விடலாமா என்று முடிவெடுக்கக் கூடலூர் விவசாயி பார்க்கும் அந்த எண்ணே, தேக்கடியில் படகை எங்கே நிறுத்துவது, எந்தப் பாதையில் ஓட்டுவது என்பதையும் முடிவுசெய்கிறது.